அரண்மனை இங்கே, அதிகாரம் அங்கே

கேள்வி: என் சொந்தக் கம்ப்யூட்டர். பத்து வருஷமாகப் பழகிய கணக்கு சாஃப்ட்வேர். தினமும் திறக்கும்போது ‘அனுமதிக்கலாமா?’ என்று கேட்கிறதே, இது யார் வீடு?
– வாசகர், தக்கலை

பதில்: தக்கலைக்காரர் கேட்கிற கேள்வியா இது? பக்கத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனை. 1956-இல் ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அரண்மனை நிர்வாகம் இன்றும் கேரளத் தொல்லியல் துறையிடம். இடம் ஒருத்தருக்கு, அட்மின் இன்னொருத்தர்!

கம்ப்யூட்டர் இப்படி அனுமதி கேட்பது, 2007-இல் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா தொடங்கிவைத்த வழக்கம். எரிச்சலில் இந்தக் கேள்வியை மொத்தமாக அணைத்துவிடாதீர்கள். பால்காரர் தெரிந்தவர் என்பதற்காக வாசல் கதவைக் கழற்றுவோமா? விண்டோஸிலேயே இருக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் அந்த ஒரு புரோகிராமுக்கு மட்டும் உச்ச அனுமதியோடு ஒரு டாஸ்க் போட்டு, அந்த டாஸ்க்குக்கு ஷார்ட்கட் வையுங்கள், கேள்வி நிற்கும். முன்பின் தெரியாத புரோகிராம் கேட்டால் மட்டும், பெண் கொடுப்பதுபோல நாலு தடவை விசாரியுங்கள்.