காது படைத்த பெருமக்கள்

கொழும்பில் நேர்முகத் தேர்வு நடத்தும் பெருமக்களின் காதுகளைப் போற்றி யாராவது எழுதத்தான் வேண்டும். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில், லயம் எனப்படும் வரிசை வீட்டுக் காம்பராவில் பிறந்து, அம்மா கொழுந்தெடுத்த காசில் உயர்தரம் முடித்து, இரவு ரயிலில் வந்து இறங்கிய ஒரு பெண்பிள்ளை எதிரே உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய பெறுபேற்றைப் பார்க்க அவர்கள் கோப்பைப் புரட்ட வேண்டியதே இல்லை. 'நொட்' என்று வர வேண்டிய இடத்தில் 'நோட்' என்றாள். 'டிஸ்கஸ்' என்பதோடு 'எபவுட்' சேர்த்தாள். போதும். அவள் ஊர், லயம், அப்பாவின் தொழில், அவளுக்கு என்ன வரும், என்ன வராது, எல்லாம் அந்த ஓர் ஓகாரத்திலேயே துலங்கிவிட்டன. சாதகம் பார்க்கிறவருக்குக்கூடப் பிறந்த நேரம் சொல்ல வேண்டும். இவர்களுக்கு ஓர் உயிரெழுத்தே போதும்.

இப்படிப் பேசுகிறவர்களுக்கென்று 'நொட் பொட்' என்ற பெயரையே இந்த நாட்டில் வைத்திருக்கிறார்கள். சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்தைக் 'கடுவ' என்பார்கள். வாள் என்று பொருள். அந்த வாளை வீசுகிற லாகவத்தையும் பாராட்டத்தான் வேண்டும். உதட்டோரத்தில் ஒரு புன்னகை, பக்கத்து நாற்காலிக்காரருக்கு மட்டும் தெரிகிற அளவுக்கு. அடுத்து, "வி வில் லெட் யூ நோ" என்று பண்பான ஒரு வார்த்தை. குரல் உயரவில்லை, யாரையும் ஏசவில்லை. பிள்ளையும் "தேங்க்யூ சேர்" என்று எழுந்து போய்விட்டாள். இத்தனை நாகரிகமாக ஒருத்தியின் படிப்பை ஒன்றுமில்லாமல் ஆக்க வேறு எந்த ஆயுதத்தால் முடியும்?

இவ்வளவு கூர்மையான காது, வேண்டிய இடத்தில் எத்தனை தாராளமாகவும் இருந்திருக்கிறது! திருக்கோணமலையை வெள்ளைக்காரர்கள் 'டிரின்கோமலி' என்றார்கள், மட்டக்களப்பை 'பட்டிக்கலோவா' என்றார்கள். நுவரெலியாவும் 'நியூரேலியா' ஆனது. காது சிறிதும் நோகவில்லை. அவற்றில் முதல் இரண்டும் இன்றுவரை ஆங்கில வரைபடத்தில் அப்படியேதான் இருக்கின்றன. தேயிலைப் பெட்டியில் 'பீக்கோ' என்று அச்சடிக்கிறார்களே, அது சீனத்தின் ஃபூஜியன் வட்டாரச் சொல். இளங்கொழுந்தின் வெண்பஞ்சு ரோமத்துக்கு அந்த வட்டாரத்தார் சொன்ன சொல்லை வெள்ளைக்கார வணிகர் வாய்க்கு வந்தபடி உச்சரித்ததுதான் இன்றைக்கு உலகச் சந்தையின் தரப்பெயர். ஆள் யார் என்று தெரிந்துகொண்டு நோகவோ நோகாமலிருக்கவோ ஒரு காதுக்குத் தெரிவது பெரிய வரம்.

தோட்டத்துத் துரைமார் தமிழ் படிக்கக் கொழும்புப் பதிப்பாளர்களான பெர்குசன் குடும்பத்தார் 19ஆம் நூற்றாண்டிலேயே கைந்நூல் போட்டார்கள். அதன் பெயர் 'இங்கே வா'. 'வாங்க' என்ற சொல் தோட்டத்தில் தேவைப்படாது என்று அவர்கள் கண்டுகொண்டது எத்தனை தீர்க்கதரிசனம்! அந்தத் தமிழைக் கேட்டு எந்தத் தொழிலாளியும் துரையின் அறிவை அளக்கவில்லை. அளந்திருந்தால் அன்றைக்கு வருகைப் பதிவில் பேர் விழுந்திருக்காது, சம்பளமும் இருந்திருக்காது.

லயத்து மக்கள் ஆங்கிலத்தைச் சும்மா விட்டுவிடவில்லை. 'பரேட்' பெரட்டானது, 'லைன்' லயமானது, 'கிளார்க்' கிளாக்கரானார், 'செக் ரோல்' செக்ரோலானது. போர்த்துக்கேயரின் காம்பராவையும் விடாமல் 'பிள்ளைக்காம்பரா' என்று கைக்குழந்தைகளைத் தூங்கவைக்கும் இடமாக்கினார்கள். விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, பிள்ளையைக் காம்பராவில் விட்டு, செக்ரோலில் பேர் விழுந்ததா என்று பார்த்து, மலை ஏறிய மக்களின் நாள் முழுவதும் இந்தச் சொற்களில்தான் ஓடியது. இதையெல்லாம் 'கொச்சை' என்ற ஒரே சொல்லில் கட்டி வைத்த கல்விமான்களின் சிக்கனம் போற்றத்தக்கது.

காது பிழைபட்ட இடங்களும் உண்டு. அதற்கான தண்டனையையும் சரியான ஆளுக்கே கொடுத்திருக்கிறார்கள். லெச்சுமி என்ற பெயரைப் பதிவுக்காரர் தன் காதில் விழுந்தபடி எழுதினார். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு லெச்சுமி, பாடசாலை இடாப்பில் இன்னொரு லெச்சுமி, அடையாள அட்டைக்குப் போனால் மூன்றாவது லெச்சுமி. மூவரும் நான் ஒருத்திதான் என்று சத்தியக் கடதாசி முடித்து, காசு கட்டி, ஒரு நாள் சம்பளத்தையும் இழந்து நிரூபிக்க வேண்டியவள் லெச்சுமியேதான். தப்பாக எழுதிய பேனாவிடம் யாரும் சத்தியம் கேட்கவில்லை.

நுவரெலியா மாவட்டத்துத் தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும் பள்ளிக்கூடம், ஆங்கில ஆசிரியரின் வெற்று நாற்காலி, இவற்றைத் தந்துவிட்டு, அதே பிள்ளையின் உச்சரிப்பில் நுட்பம் எதிர்பார்க்கும் நம்பிக்கை சாதாரண மனிதருக்கு வராது.

கொழும்புக்காரரை மட்டும் புகழ்ந்தால் எங்கள் ஆட்கள் கோபித்துக்கொள்வார்கள். தோட்டத்தை விட்டு டவுனில் வீடெடுத்த எங்கள் பிள்ளைகளின் காதும் இப்போது நன்றாகத் தீட்டப்பட்டிருக்கிறது. ஒரு வீட்டு வாசலில் கேட்டது: "பேரன்ஸ் மீட்டிங்குக்கு நீங்க வராதீங்கம்மா. அப்பாவ அனுப்புங்க, அவரு பேசாம நிப்பாரு." அம்மா போன முறை 'பிரின்சிபல்' என்பதைப் 'பிரிஞ்சிப்பாலு' என்று சொல்லிவிட்டாராம். இருபது கிலோ கொழுந்தைத் தலைக்கயிற்றில் சுமந்து அந்தப் பள்ளிக்கூடக் காசைக் கட்டியது அதே அம்மாதான். மகளின் காது எவ்வளவு சுத்தமாகிவிட்டது என்பதை அவர் சொல்லாமலே உணர்ந்துகொண்டு, சேலையை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். இந்தப் பயிற்சியைக் கொடுத்த எல்லோருக்கும் அந்தத் தாயின் சார்பில் நன்றி.

உச்சரிப்பைத் திருத்திவிட்டால் கதவு திறக்கும் என்கிறார்கள். வட்டகொடை மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை அதையும் செய்து காட்டினார். கொழும்பில் படித்தார், தேயிலைத் தோட்டத்து மக்களின் துயரை ஆங்கிலத்திலேயே கவிதையாக எழுதினார், 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராக நாடாளுமன்றம் போனார். அவர் ஆங்கிலத்தில் எந்தக் காதும் குறை கண்டிருக்க முடியாது. அந்தக் காதுகள் இருந்த சபைதான் 1948இல் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது, மறு ஆண்டு அவர்களின் வாக்குரிமையையும் பறித்தது. 1952 தேர்தலில் அவருடைய கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸிலிருந்து ஒருவர்கூடத் தெரிவாகவில்லை.