டொக்டர் தம்பியின்ரை பட்டியல்

வாரும் டொக்டர் தம்பி, இரும். ஏ.எல். றிசல்ட்ஸ் இன்னும் வரேல்லை. அதுக்குள்ளை கொம்மா வத்தளையிலை இருந்து மாபோலை மட்டும் உம்மை டொக்டராக்கிப் போட்டா. மருந்துக்கடைப் பொடியன் உம்மைக் கண்டா எழும்பி நிக்கிறானாம்.

நீர் எழுதின பட்டியலைக் கொப்பர் கொண்டுவந்து காட்டினார். முதலாவது கொழும்பு மெடிக்கல். ரெண்டாவது ராகமை மெடிக்கல். மூண்டாவது பேராதனை மெடிக்கல். நாலாவதிலை ஒரு கோடு. நான் ஏழாம் வகுப்போடை துலா மிதிக்கப் போனவன்தான். எண்டாலும் எனக்குத் தெரியுது, இது பட்டியல் இல்லை, நேத்திக்கடன்.

மூண்டு ஏ எடுத்தா அலுவல் முடிஞ்சுது எண்டு நினைக்கிறீராக்கும். 2001க்குப் பிறகு வெறும் ஏயை ஆர் எண்ணினது? இப்ப இஸட் புள்ளி. நாடு முழுக்க அந்தப் பாடத்தை எழுதின பிள்ளையளின்ரை சராசரி எங்கை, அவையள் எப்பிடிப் பரந்து நிக்கினம், அதிலை இருந்து நீர் எவ்வளவு மேலை எண்டு பாடம் பாடமா அளந்து, மூண்டையும் சேத்து, நாலு தசமத்துக்கு எழுதுவாங்கள். வெங்காயம் விக்கேக்கை நான் சதம் பாத்ததில்லை. வார்ட் பிளேஸ் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிலை நாலாம் தசமத்திலை ஆள் விழும். எல்லாரும் எழுத வேண்டிய பொதுத் தாளை வேறை நித்திரைத் தூக்கத்திலை எழுதினனீராம். அதிலை 30 இல்லையெண்டா இஸட் புள்ளியை வைச்சுப் பட்டம்தான் விடலாம்.

இனி மாவட்டக் கணக்கு. நூறு இடத்திலை 40, தீவு முழுக்கத் திறமைக்கு. 55, மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி. மிச்சம் 5 பின்தங்கின 16 மாவட்டங்களுக்கு. யாழ்ப்பாணம், மன்னார், மட்டக்களப்பு, நுவரெலியா, பதுளை எல்லாம் அந்தப் பதினாறுக்குள்ளை. நீர் படுக்கிற வத்தளை கம்பஹா மாவட்டம், அது அதுக்குள்ளை இல்லை. படிக்கிற பள்ளிக்கூடம் களனி ஆத்துக்கு அங்காலை கொட்டாஞ்சேனை, கொழும்பு மாவட்டம். அதுவும் இல்லை. கணக்கிலை பாக்கிறது நீர் படுக்கிற இடத்தை இல்லை, சோதினைக்கு முந்தின மூண்டு வருஷம் படிச்ச இடத்தை. கொப்பர் இப்பத்தான் மன்னாரிலை மச்சான் வீட்டு விலாசம் விசாரிக்கிறாராம். மூண்டு வருஷம் பிந்திப்போட்டார் எண்டு சொல்லிவிடும்.

அதாலை வெட்டுப்புள்ளிப் புத்தகத்தை எடுத்துக் கொழும்பு நிரையை மட்டும் பாரும். மூண்டு நாலு வருஷத்தை ஒண்டுக்குப் பக்கத்திலை ஒண்டா வைச்சுப் பாரும். வவுனியா மச்சாள் எடுத்த புள்ளியிலை நீர் கனவு காணாதையும்.

ராகமை பக்கம்தானே, ரயிலிலை போய் வீட்டுச் சோறு தின்னலாம் எண்டு கொம்மா சொல்லுறா. 1980இலை அது காசு கட்டிப் படிக்கிற கல்லூரியா வந்தது. நாடே குழம்பிப் போச்சு. கடைசியிலை அரசாங்கம் எடுத்து, 1991இலை களனிப் பல்கலைக்கழகத்தின்ரை மருத்துவ பீடமாச்சு. அது உம்மடை வீட்டுக்குக் கிட்ட எண்டதுக்காக வெட்டுப்புள்ளி இறங்கி வந்து கேற்றிலை நிக்காது. மருத்துவம்தான் வேணுமெண்டா மட்டக்களப்பு, அனுராதபுரம், இரத்தினபுரி, குளியாப்பிட்டி எல்லாத்தையும் எழுதும். குளியாப்பிட்டியிலை படிச்ச டொக்டர் பாத்தாலும் காய்ச்சல் மாறும்.

இப்ப ஒரு கேள்வி. உமக்கு வேண்டியது உயிரியலோ, வாசலிலை தொங்கிற பேர்ப்பலகையோ? வத்தளைக்கு அங்காலை நீர்கொழும்புக் களப்பு மட்டும் முத்துராஜவெல கிடக்கு. 1996இலை சரணாலயமாக்கின சதுப்பு நிலம். முதலை இருக்கு, கபரகொய்யா இருக்கு, பேர் தெரியாத கொக்கு இருக்கு. ரெண்டு வருஷம் பயோ படிச்ச நீர் ஒருநாள் எட்டிப் பாத்தனீரோ? ரியூஷன் இருந்ததாக்கும்.

சிறில் பொன்னம்பெரும எண்டொருத்தர். பேரைக் கேட்டு நம்மடை ஆள் எண்டு துள்ளாதையும், காலியிலை பிறந்த சிங்களவர். உயிர் எப்பிடித் தொடங்கினது எண்டு தேடப்போய், நாசாவிலை இருந்து சந்திர மண்ணைச் சோதிச்சவர். அவரும் டொக்டர்தான். ஆனா ஒருத்தருக்கும் ஊசி போட்ட டொக்டர் இல்லை.

உயிரியல்தான் எண்டா நாலாவது வரிக்குக் கீழை எத்தினை கிடக்கு! கொழும்பிலை மூலக்கூற்று உயிரியல். களனியிலை உயிரியல் விஞ்ஞானம், அதுக்கும் வீட்டுச் சோறுதான். மாத்தறையிலை மீன்பிடியும் கடலும். கிளிநொச்சியிலை விவசாயம். கைதடியிலையும் திருகோணமலையிலையும் சித்த மருத்துவம். மருந்தகவியல், தாதியியல், இயன்மருத்துவம் எண்டு பிறகும் கிடக்கு. பேராதனை மிருக வைத்தியத்தைச் சொன்னா 'மாட்டு டொக்டரோ' எண்டு கொம்மா மூக்கைச் சுழிப்பா. கண்டு போடேலாமல் என்ரை பசு கிடந்த ராத்திரி அந்த மாட்டு டொக்டரைத்தான் நான் கும்பிட்டனான்.

எழுதிற ஒழுங்கைக் கவனியும். ஆணைக்குழுவிலை மேலை இருந்துதான் கீழை பாப்பாங்கள். உம்மடை புள்ளி முதல்லை எட்டிற வரியிலை உம்மை இருத்திப்போட்டு, கீழை உள்ளதைத் திரும்பியும் பாக்க மாட்டாங்கள். 'கிடைக்கும்' எண்டதை மேலை போட்டீரோ, 'வேணும்' எண்டது கீழை கிடந்து அழும். ஆசைப்பட்ட ஒழுங்கிலை எழுதும். ஆனா ஆசையோடை நிப்பாட்டாமல், புள்ளி வழுக்கினாலும் பிடிக்கிற இடம்மட்டும் இறங்கி எழுதும். வெக்கப்பட்டு விட்ட வரியை ஒருத்தரும் பேந்து நிரப்பித் தரமாட்டினம்.

ஒரு இடத்திலை பதிஞ்சாப் பிறகு மற்ற வருஷம் வேறை இடம் கேக்கேலாது. போகமாட்டன் எண்டதை எழுதாதையும். போவன் எண்டதை மறக்காதையும். ஒண்டும் எட்டேல்லையோ, ரெண்டாம் ஷை இருக்கு, மூண்டாம் ஷையும் இருக்கு. நாலாம் ஷை இல்லை. அதுக்குள்ளை நாவலையிலை திறந்த பல்கலைக்கழகமும், ராஜகிரியவிலை இரசாயன நிறுவகமும் கதவைத் திறந்துதான் வைச்சிருக்கினம்.

இந்தாரும் பேனை, புதுசா எழுதும். கொப்பர் கேட்டா மை முடிஞ்சுது எண்டு சொல்லும். நாலைஞ்சு வருஷம் வகுப்பிலை குந்தியிருக்கப் போறது அவரில்லை.