சுவிட்ச் மாற்றும் படலம்

மின்சாரம் ஓடும் கம்பியை ஓரிடத்தில் வெட்டி, வெட்டுப்பட்ட இரு முனைகளையும் வேண்டும்போது சேர்க்கவும் வேண்டாதபோது பிரிக்கவும் அமைந்த சிறு கருவியே சுவிட்ச் எனப்படுவது. பாடநூல்கள் அதனைச் சொடுக்கி என்றும் இலங்கைத் தமிழர் ஆளி என்றும் வழங்குவர். ஆயினும் தமிழ்நாட்டு வீடுகளில், கெட்டுப்போகும் நாள்வரை அதனை எப்பெயராலும் எவரும் அழைப்பதில்லை. ‘லைட்டைப் போடு’ என்பதே ஆணை. அவ்வாணையில் சுவிட்ச் எழுவாயாகவும் இல்லை, செயப்படுபொருளாகவும் இல்லை.

அழுத்தும்போது எழும் ‘டக்’ என்னும் ஓசைக்குப் பொருள் உண்டு. இணைந்த உலோக முனைகளை மெல்லப் பிரித்தால் இடைவெளியில் தீப்பொறி நின்று அவற்றை எரித்துவிடும் என்பதால், விரல் எவ்வளவு சோம்பலாக அழுத்தினாலும் முனைகள் வெடுக்கென விலகும்படி உள்ளே ஒரு வில் வைக்கப்படுகிறது. இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து ஜான் ஹென்றி ஹோம்ஸ் 1884ஆம் ஆண்டில் வகுத்த ஏற்பாட்டின் வழித்தோன்றலே இன்று சமையலறைச் சுவரில் மஞ்சள் கறையும் எண்ணெய்ப் பிசுக்குமாக, ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு காய்ந்த நிலையில் காட்சியளிக்கிறது.

வில் தளர்ந்து முனைகள் கருகத் தொடங்கியதும் சுவிட்ச் நோயுறுகிறது. ‘உஸ்’ என்ற முனகலும், விளக்கின் கண்சிமிட்டலும், தொட்டால் உணரப்படும் இளஞ்சூடும் நோய்க்குறிகள். இந்நிலையில் உடனே மாற்றுவது முறை. ஆனால் வீட்டு வைத்தியமே முதலில் நடைபெறும். ஓரமாக அழுத்துதல், இருமுறை தட்டுதல் ஆகியவை பலிக்காத கட்டத்தில், போட்ட சுவிட்ச் போட்டபடியே நிற்பதற்காக இடுக்கில் தீக்குச்சி ஒன்று ஆப்பாகச் செருகப்படும். தீப்பொறி பறக்கும் இடத்தில் தீக்குச்சியைச் செருகும் அறிவு எவ்வாறு பிறந்தது என்பது தனி ஆய்வுக்குரியது.

எலெக்ட்ரீஷியன் மூன்று வாரங்களாக ‘நாளைக்குக் காலையில வந்துடறேன் சார்’ என்று உரைத்துவரும் காரணத்தால், குடும்பத் தலைவர் தாமே களமிறங்கத் துணிகிறார். முதல் தோல்வி கடையிலேயே நிகழ்கிறது. ‘ஒரு சுவிட்ச் குடுங்க’ என்ற எளிய வேண்டுகோளுக்கு, ‘பியானோவா, மாடுலரா? அஞ்சு ஆம்பியரா, பதினஞ்சா?’ என்று கடைக்காரர் வினவ, இருபது ஆண்டுகள் நாள்தோறும் தொட்ட பொருளின் வடிவம் தமக்குத் தெரியாது என்பதை அவர் உணர்கிறார். ஆம்பியர் என்பது மின்னோட்டத்தின் அளவு. விளக்குக்கும் விசிறிக்கும் சிறியது போதும், வெந்நீர் ஹீட்டருக்குப் பெரியதே வேண்டும். பியானோ என்பது அவ்விசைக்கருவியின் கட்டையைப் போன்ற பழைய வகை. ‘பழசைக் கழட்டி எடுத்துட்டு வாங்க சார்’ என்பதே இத்துறையின் இறுதித் தீர்ப்பு.

கழற்றுவதற்கு முன் மெயினை நிறுத்த வேண்டும் என்பதை அவர் நன்கறிவார். நிறுத்துகிறார், விசிறி சுற்றிக்கொண்டே இருக்கிறது. மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய இன்வெர்ட்டர், மெயின் போன மறுகணமே விழித்தெழுந்து, பேட்டரியின் மின்சாரத்தை 230 வோல்ட்டாக்கி விளக்குக்கும் விசிறிக்கும் அனுப்பிவிடுகிறது. வீட்டார் அதனை வாழ்த்துகின்றனர். டெஸ்டரை, அதாவது கைப்பிடிக்குள் சிறு நியான் விளக்கும் பல லட்சம் ஓம் தடையும் கொண்ட திருப்புளியை, வைத்துப் பார்த்தபோது அது சிவந்து ஒளிர்ந்ததாலேயே குடும்பத் தலைவர் அன்று பிழைத்தார் எனலாம். இன்வெர்ட்டரும் நிறுத்தப்பட, விசிறி நிற்க, வாழ்த்தும் நின்றது.

பலகையைத் திறந்தால் உள்ளே வேறோர் உலகம். சிமென்ட் தூள், எறும்பு வரிசை, கடுகு டப்பாவிலிருந்து தவறி விழுந்த மிட்டாய் போல இரண்டு பல்லி முட்டைகள். சிவப்புக் கம்பி ஃபேஸ், அதாவது மின்சாரம் வருவது. கறுப்பு நியூட்ரல், அதாவது திரும்புவது. சுவிட்ச் ஃபேஸில்தான் அமைய வேண்டும், நியூட்ரலில் அமைந்தால் விளக்கு அணைந்த பின்னும் ஹோல்டரில் மின்சாரம் காத்திருக்கும். இவை விதிகள். நடைமுறையிலோ, வீடு கட்டிய நாளில் வயரிங் செய்தவர் பையில் எந்த நிறம் மீந்திருந்ததோ அதுவே ஃபேஸ். செல்பேசி டார்ச்சைப் பிடித்திருக்கும் இளைய மகனோ, அப்பாவின் திருப்புளி இருக்கும் இடத்தை விடுத்துத் தன் பார்வை செல்லும் இடத்துக்கே ஒளி பாய்ச்சுகிறான்.

இரண்டு திருகாணிகளில் முடியவேண்டிய வேலை லூப்பில் சிக்குகிறது. ஒரு சுவிட்சிலிருந்து அடுத்ததற்கு ஃபேஸைக் கடத்தும் குட்டைக் கம்பியே லூப். கோவில் பந்தியில் ஒரே வாளி இலைக்கு இலை நகர்வதை ஒத்தது. பழைய சுவிட்சோடு அது கழன்று விழுந்ததை அவர் கவனிக்கவில்லை. மெயினைப் போட்டதும் புதிய சுவிட்சின் விளக்கு எரிந்தது. அதற்கப்பால் உள்ள அனைத்தும் பட்டினி கிடந்தன. ‘ஏங்க, முன்னாடி ஒண்ணுதானே எரியலை?’ என்ற வினா அடுப்படியிலிருந்து எழுந்தது.

பலகை மறுபடி திறக்கப்பட்டு, லூப் பொருத்தப்பட்டு, இரவு ஒன்பதரை மணிக்கு யாவும் இயங்கின. ஒன்று மட்டும் குறை: அவசரத்தில் சுவிட்ச் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தது. இரு முனைகள் மட்டுமே கொண்ட ஒருவழிச் சுவிட்சுக்குத் தலையும் காலும் ஒன்றே ஆதலால் மின்சாரத்துக்கு இதில் ஆட்சேபமில்லை. பிரிட்டிஷ் வழக்கப்படி கீழே தட்டிப் பழகிய விரல்களுக்குத்தான் ஆட்சேபம். மூன்றாம் முறை பலகையைத் திறக்கக் குடும்பத் தலைவர் மறுத்துவிட்டதால், ‘அது மேல தள்ளணும்’ என்ற விளக்கவுரை விருந்தினருக்குத் தண்ணீரோடு சேர்த்து வழங்கப்பட்டு வருகிறது. மேலே தள்ளினால் எரிவதே முறை என்றிருக்கும் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த மூத்த மகன் மட்டும், நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, ஒரே தட்டில் விளக்கைப் போட்டுவிட்டு, இந்த வீட்டில் இந்த ஒரு சுவிட்சையாவது சரியாக மாட்டியிருக்கிறார்களே என்று மெச்சியபடி குடத்தருகே சென்றான்.