எட்டு வயதுப் பூனை

கேள்வி: காப்பகத்திலிருந்து பூனை எடுக்கலாம் என்றிருக்கிறோம். குட்டியா, எட்டு வயதுப் பூனையா? (வாசகி, ராசிபுரம்)

பதில்: எட்டு வயதையே எடுங்கள், அம்மா. குட்டி எப்படி வளரும் என்று ஜோசியரும் சொல்ல முடியாது. பெரியது தன் குணத்தை அங்கேயே காட்டிவிடும். திரைச்சீலையில் ஏறி ஆடும் வயதும் தாண்டியாயிற்று. வீட்டுப் பூனை 15 வயது வரை இருப்பது சகஜம். வந்ததும் கட்டிலுக்கடியில் போய் உட்காரும். இழுக்காதீர்கள், தண்ணீர்க் கிண்ணத்தைப் பக்கத்தில் வையுங்கள். பால் வேண்டாம், பல பெரிய பூனைகளுக்கு வயிற்றைக் கலக்கும். அவித்த முட்டை கொஞ்சம் கொடுக்கலாம். நாமக்கல் மாவட்டத்தில் அதற்கா பஞ்சம்! வயதான பூனைக்குச் சிறுநீரகமும் பல்லும்தான் தொல்லை. நாமக்கல்லிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எடுத்த வாரமே காட்டி, வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டுவிடுங்கள்.