காதுல வெளஞ்ச கொலாஜன்

இன்னாடா பேராண்டி, தைப்பூசத்துக்கு ஊரூரு சாமியும் செய்யாத்துல வந்து எறங்குது, நீ மட்டும் கடைத்தெருவுல காது குத்திக்கினு வந்தே. கேட்டா இஷ்டைலுன்னே. இப்போ மடல்ல கெட்டியா ஒரு உருண்டை.

உந்தங்கச்சி டப்பா டப்பாவா கொலாஜன் பவுடர வாங்கிப் பால்ல கலக்கிக் குடிக்குது, மூஞ்சி பளபளக்கணுமாம். உன் காதுல தொங்குறதும் அதே கொலாஜன்தான்டா! ஊட்டுக்குள்ளயே வெளச்சல் இருக்க, அது வெளியில காசக் கொட்டுது. குடிக்கிறது வெறும் புரதந்தான், பருப்பு, முட்டை கணக்காச் செரிச்சுப் பூடும். வயித்துலேர்ந்து நேரா கன்னத்துக்குப் போவ டவுன் பஸ்ஸா விட்டுருக்கான்?

தோலுக்குள்ள கொலாஜன் நூக்குறது ஃபைப்ரோபிளாஸ்ட்னு ஒரு செல்லு. நல்ல கொத்தனாரு, ஆனா மேஸ்திரி சொல்லாம கரண்டி எடுக்க மாட்டாரு. மேஸ்திரி யாருன்னா மேக்ரோஃபேஜ், நோய் எதிர்ப்பு செல்லு. காயம் பட்ட ரெண்டு மூணு நாள்ல வந்து, கிருமி குப்பையெல்லாம் முழுங்கிட்டு, டிஜிஎஃப் பீட்டான்னு ஒரு சரக்கக் கசியவிடும். ஒடனே கட்டட வேலை ஆரம்பம். அதே நோய் எதிர்ப்புக் கூட்டத்துல இருக்கிற டி செல்லுங்களுக்கோ ரெட்டை நாக்கு. ஒரு வகை இன்டர்லூகின் 13 விட்டு ‘இன்னும் கட்டு’ங்கும், இன்னொண்ணு இன்டர்ஃபெரான் காமா விட்டு ‘போதும், எறங்கு’ங்கும்.

நீ இன்னா பண்ணே? ஆற்ற நேரத்துல தோட்டத் திருகித் திருகிப் பாத்து சீழ் வைக்க வுட்டே. சீழ் இருக்கிற வரைக்கும் மேஸ்திரி ஊட்டுக்குப் போவாரா? காயம் மூடுன பொறவும் சுவரு எழும்பிக்கினே போச்சு. கீலாய்டுங்கிறாங்க. சில குடும்பத்துத் தோலுக்கே அந்த வாகு உண்டு, அதனால முழுப்பழியும் உம்மேல போட மாட்டேன். முக்காவாசி போடுவேன்.

பிளேடால அறுத்துடலாம்னு உங்கூட்டாளி சொன்னானாமே? 1954-ல மெட்ராஸ் யுனிவர்சிட்டியில ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காரு வால் தசைநாண வச்சு ஆராய்ஞ்சு, கொலாஜன் மூணு புரி முறுக்குன்னு சொன்னாங்க. லேசுல அறுபடுற இழையா அது? அறுத்தாலும் அது புதுக்காயம். மேஸ்திரி திரும்ப வருவாரு, இந்த வாட்டி முன்னவிடப் பெருசாக்கூடக் கட்டுவாரு.

காஞ்சிபுரம் போய்த் தோல் டாக்டரப் பாரு. உருண்டைக்குள்ளயே டிரையாம்சினலோன்னு ஒரு ஸ்டீராய்டு ஊசி போடுவாங்க. மேஸ்திரி அடங்குவாரு, கொத்தனாரு கரண்டிய வைப்பாரு, உருண்டை மெள்ள வத்தும். சில வாரத்துக்கு ஒருக்கா போவணும், ஒரே நாள்ல முடியாது. நடுவுல அந்த இன்னொரு காதுல கைய வச்சே, ராத்திரி நீ தூங்குறப்போ வெரல்ல மொளகாப்பொடி தடவிடுவேன்.