ரொபிக்குள் கோதுமை

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் சீலியாக் நோயாளியின் சிறுகுடற் சுவரைச் சேதப்படுத்துகிறது. இதற்கு மருந்து கிடையாது; அந்தத் தானியங்களை விடுவதே வைத்தியம். 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பாண் கிடைக்காதபோது நோயுற்ற பிள்ளைகள் தேறினார்கள், பாண் வந்ததும் மறுபடி படுத்தார்கள். கோதுமையின் மீது குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே கொண்டிருந்த சந்தேகம் அப்போது வலுத்தது.

மன்னார்த் தீவின் மீனவ ஊரான தாழ்வுபாட்டில் இதை விளங்கவைப்பது தனி வேலை. சீனி வருத்தக்காரருக்கு இனிப்பு ஆகாது, பாண் அளவோடு ஆகும். அது ஊருக்குத் தெரியும். பாண் ஆகாது, ரொபி ஆகும் என்று ஒருவர் சொன்னால் அதை வருத்தமென்று யாரும் எடுப்பதில்லை, வாய்க்கொழுப்பு என்றே எடுப்பார்கள்.

ரொபி ஆகும் என்பதும் முழு உண்மையல்ல. சீனி, பால்மா, எண்ணெய் ஆகியவற்றில் குளூட்டன் இல்லை. கோதுமையிலிருந்து எடுத்த குளூக்கோஸ் பாகில்கூடப் புரதம் ஏறக்குறைய முழுதும் நீங்கிவிடுவதால், ஒவ்வாமை அறிவிப்பிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு விலக்கு அளித்திருக்கிறது. ஆபத்து வேறிடத்தில். மோல்ட் என்பது பெரும்பாலும் முளைவிட்ட பார்லி. மொறுமொறுக்கும் சொக்லேற்றுக்குள் இருப்பது பலவேளை கோதுமை வேஃபர். கறுப்பு லிக்கரிஸ் மிட்டாயின் உடம்பே பெரும்பாலும் கோதுமை மா. உணவுச் சேர்க்கைகளின் 1400 வரிசை எண்களில் ஒளிந்திருக்கும் ‘மாற்றப்பட்ட மாச்சத்து’ சோளத்தில் பிறந்ததா, கோதுமையில் பிறந்ததா என்பதை எண் சொல்லாது. கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேற்படாவிட்டால் ‘குளூட்டன் அற்றது’ எனலாம் என்பது சர்வதேச உணவுத் தர நெறியான கோடெக்ஸின் விதி.

இத்தனையும் பொதியைக் கண்ணால் கண்டவருக்கே பயன்படும். ஊர்க்கடையில் ரொபி போத்தலுக்குள் இருக்கும்; சேர்மானப் பட்டியல் அச்சிட்ட பெரிய பை எப்போதோ குப்பைக்குப் போயிருக்கும். தனி ரொபியின் தாளில் ஒரு பசுமாடு மட்டும் சிரிக்கும்.

“அண்ணை, இதுக்குள்ள கோதுமை மா இருக்கோ?”

“இது ரொபி, தம்பி. மா அந்தப் பக்கம்.”

பை கிடைத்தாலும் மூன்று மொழிகளும் தீப்பெட்டியளவு இடத்தில் நெருக்கியடித்து நிற்கும். கைத்தொலைபேசியில் படமெடுத்துப் பெருப்பித்துத்தான் வாசிக்க வேண்டும். பட்டியல் எடைவரிசையில் இறங்கும். கடைசியில் நிற்கும் மோல்ட் அளவில் சிறிதாக இருக்கலாம், நோயாளிக்குக் கடைசி இடமும் இடமே. போன மாதம் வாசித்ததை நம்பி இந்த மாதம் வாங்குவதும் கூடாது. பெயரும் படமும் அப்படியே இருக்க, சேர்மானம் மாறுவதுண்டு.

கத்தோலிக்கக் கோயிலிலும் இந்தக் கேள்வி உண்டு. குளூட்டன் அறவே இல்லாத அப்பம் நற்கருணைக்குச் செல்லாது, குறைத்த அப்பம் செல்லும், இயலாதவர் இரசம் மட்டும் பெறலாம் என்று வத்திக்கான் 2003இல் தெளிவாக்கியது. ரொபிக் கம்பனிகள் இவ்வளவு தெளிவாகப் பேசுவதில்லை.

பொதியே இல்லாத பண்டங்களில் கச்சான், எள்ளுருண்டை, பனங்கட்டி ஆகியவற்றோடு பெரிதாக வழக்கில்லை. மினுங்கும் மஸ்கற் கோதுமை மாவில் கிண்டியது. அதைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். பயற்றம் பணியாரம் பெயரளவில் பயறு. தோய்த்துப் பொரிக்கும் கரைசலில்தான் விஷயம் இருக்கிறது. அதற்குச் சுட்டவரையே கேட்க வேண்டும். “கொஞ்சந்தான் போட்டனான், சாப்பிடுங்கோ” என்று தட்டு நீளும்.