வைஃபை மாமா

"யாரு, எதைத் தொட்டேள்?"

வீட்டுக்குள் நுழைந்ததும் வைஃபை மாமா கேட்கும் முதல் கேள்வி இதுதான். நெட் வரவில்லை என்றுதான் கூப்பிட்டிருப்போம். அவருடைய சித்தாந்தப்படி நெட் தானாகப் போவதே கிடையாது. யாரோ எதையோ தொட்டதால்தான் போகிறது. வீட்டில் உள்ளவர்கள் ஒவ்வொருவராக, தாங்கள் ஒன்றையும் தொடவில்லை என்று வாக்குமூலம் கொடுக்க வேண்டும். எல்லாம் கேட்டு முடித்ததும், "அப்ப சரி, தானாத்தான் போயிருக்கு" என்பார், ஒருவரையும் நம்பாத முகத்தோடு. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

வேஷ்டி, அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் டெஸ்டர். கம்பியே இல்லாத சமாசாரத்துக்கு டெஸ்டர் எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "கோவில் குருக்கள் பூணூல் இல்லாம வருவாரா?" என்றார். அதற்குமேல் கேட்கவில்லை.

மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் கட்டடத்துக்கு ஒரு வைஃபை மாமா உண்டு. செம்பூர் செட்டா நகரில் முருகன் கோவில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "உங்காத்துல சிக்னல் எத்தனை கோடு?" என்று விசாரிக்கும் மாமாக்கள் உண்டு. எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். எல்லோர் வீட்டிலும் ஒரு பிள்ளையாவது நியூ ஜெர்சியிலோ சிங்கப்பூரிலோ இருக்கும். அந்தப் பிள்ளைகளை வாரம் ஒருமுறை திரையில் பார்ப்பதற்காகக் கற்றுக்கொண்ட வித்தை, பிறகு கட்டடத்துக்கே பொதுச் சொத்தாகிவிட்டது.

எங்கள் மாமாவின் வைத்திய முறைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஏரோபிளேன். லாப்டாப்பின் மேல்வரிசைப் பொத்தான்களில் ஒன்றில் குட்டி விமானம் போட்டிருக்கும். தெரியாமல் அதில் விரல் பட்டால் வைஃபை மொத்தமாக அணைந்துவிடும். "சாந்தாகுரூஸ்ல நூறு ஏரோபிளேன் இறங்கினாலும் நம்ம நெட்டுக்கு ஒண்ணும் ஆகாது. இந்த ஒண்ணு கிளம்பினா எல்லாம் போச்சு" என்பார். பழைய லாப்டாப் என்றால் ஓரத்தில் நகர்த்துகிற சுவிட்ச் ஒன்று இருக்கும். பத்து வழக்கில் ஆறு இங்கேயே தீர்ந்துவிடும். ஆனால் தீர்ந்துவிட்டது என்று அவர் உடனே சொல்ல மாட்டார். காபி இன்னும் வரவில்லையே.

அடுத்து, ரவுட்டரை அணைத்து முப்பது விநாடி காத்திருப்பது. இருபது விநாடியில் போட்டுவிட்டால் கோபம் வரும். "உள்ளே கபாசிட்டர்ல மிச்சம் மீதி கரண்ட் இருக்கும். அது வடியணும். சண்டை போட்டவாளை உடனே பேசச் சொல்லுவியா?" அந்த முப்பது விநாடியை அவர் வாய்விட்டு எண்ணுவார். வீடே மௌனமாக நிற்கும். கோவிலில் திரை போட்டு அலங்காரம் நடக்கும்போது நிற்போமே, அப்படி.

அப்போதும் வரவில்லை என்றால், லாப்டாப்பில் நம் நெட்வொர்க்கின் பெயர்மேல் அழுத்தி, 'மறந்துவிடு' என்ற கட்டளையைக் கொடுப்பார். கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். "பழசை மறந்தாத்தான் புதுசா சேர முடியும். வேதாந்தம் மொத்தமும் இந்த ஒரு பட்டன்ல இருக்கு." பிறகு பாஸ்வேர்ட் கேட்பார். நமக்கு நினைவிருக்காது. வேதாந்தம் நம் விஷயத்தில் முன்பே பலித்துவிட்டிருக்கும்.

சிக்கலான நோய்களுக்கு உவமைகள் வைத்திருக்கிறார். ஒருநாள் என் லாப்டாப் இணைந்ததாகச் சொன்னது. இணையம் மட்டும் வரவில்லை. கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து, எண்களைப் பார்த்து, "நூத்து அறுபத்தொன்பது, இருநூத்து ஐம்பத்து நாலு" என்று உதட்டைப் பிதுக்கினார். "ரவுட்டர் இதுக்கு அட்ரஸ் கொடுக்கலை. இதுவா ஒரு அட்ரஸ் வெச்சிண்டிருக்கு. பாம்பேக்கு வந்து குடியிருக்க ஒரு கோலி கிடைக்காம, ஃபுட்பாத்துல படுத்துண்டு, தலைமாட்டுல தானே ரூம் நம்பர் எழுதி ஒட்டிண்ட மாதிரி. தபால் வருமோ?"

ரவுட்டரில் இரண்டு பெயர்கள் தெரிகின்றனவே, எதில் சேர வேண்டும் என்று கேட்டதற்கும் பதில் தயார். "2.4 ஸ்லோ லோக்கல். ஹால், பெட்ரூம், கிச்சன், எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கும். 5 இருக்கே, அது கல்யாண் ஃபாஸ்ட். வேகம் பிரமாதம். ஆனா மாட்டுங்கால நிக்காது." சுவர் தாண்டாத 5 கிகாஹெர்ட்ஸை மாட்டுங்காக்காரனுக்கு இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது. தினமும் கண்ணெதிரே நிற்காமல் போகிற வண்டி ஆயிற்றே.

அந்த ஸ்லோ லோக்கலில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. எங்கள் கட்டடத்தில் பதினெட்டு வீடுகளும் 6-இல் தொங்கிக்கொண்டிருப்பதை மாமா கண்டுபிடித்தார். என்னை 11-க்கு மாற்றினார். நெட் பறந்தது. பெருமை தாங்காமல் நான் எல்லோரிடமும் சொல்ல, எல்லோரும் மாமாவை அழைக்க, ஒரே வாரத்தில் பதினெட்டு வீட்டையும் 11-க்கு மாற்றிவிட்டார். மறுபடி என்னை அவர் 6-க்குக் கொண்டுவந்தபோது அங்கே ஈ காக்கை இல்லை.

அவருடைய பரம விரோதி இரும்பு பீரோ. விக்ரோலியில் செய்த கோத்ரெஜ் பீரோ இல்லாத பழைய மும்பை வீடு ஏது? அதன்மேல் அட்டைப் பெட்டிகள். பெட்டிகளுக்குப் பின்னால், அழகு கெடக் கூடாதென்று ஒளித்துவைத்த ரவுட்டர். தண்ணீர் பிடித்து வைத்த நீல டிரம் அடுத்த எதிரி. தண்ணீரும் சிக்னலைக் குடிக்கும். மூன்றாவது மைக்ரோவேவ். அதுவும் 2.4-ஐ ஒட்டிய அலைவரிசையில்தான் சூடு பண்ணுகிறது. பக்கத்து வீட்டில் பாப்கார்ன் பொரிந்தால் நம் வீட்டு வீடியோ திக்கும். "1895-லயே ஜகதீஷ் சந்திர போஸ் கல்கத்தால கம்பியில்லாம சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடிச்சுக் காட்டினார். உங்க ரவுட்டர் ஒரு பீரோவைத் தாண்ட மாட்டேங்கறது" என்று, நாம்தான் போஸுக்கு அவமானம் தேடித் தந்தவர்கள்போல் பார்ப்பார்.

மாமா வணங்கும் ஒரே ஆள், தாராவித் தொண்ணூறு அடி சாலையிலிருந்து வருகிற கேபிள் தம்பி. வயது இருபத்திரண்டு. தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த குடும்பம். பேரன் தோளில் ஏணி, இடுப்பில் ஃபைபர் சுருள். வைஃபை மாமா தத்துவம் என்றால் தம்பி நடைமுறை. "அங்கிள், ரவுட்டர் சாலூ இருக்கு. வெளிய வயர் கட். வயர் இல்லாம ஏது அங்கிள் வயர்லெஸ்?" என்று ஒரே வரியில் போஸ் முதல் இன்றுவரை முடித்துவிடுவான். தாராவியில் சிக்னல் எப்படி என்று மாமா ஒருமுறை விசாரித்தார். "பத்துக்குப் பத்து ரூம், மேல தகரம். சிக்னல் வெளிய போக இடமே இல்ல அங்கிள். உள்ளயே நம்மகூட உக்காந்துக்கும்." அந்தப் பதிலை மாமா ஒரு மாதம் எல்லா வீட்டிலும் சொல்லிக்கொண்டிருந்தார், தம்பியின் பெயரோடு. திருட்டுப் பழக்கம் கிடையாது.

இந்த மனிதர் ஏன் இப்படி என்று புரிந்துகொள்ள, டெலிபோன் காலத்துக்குப் போக வேண்டும். விண்ணப்பித்துவிட்டு வருஷக்கணக்கில் போனுக்குக் காத்திருந்த காலம். எங்கள் கட்டடத்தில் முதல் போன் மாமாவின் அப்பா வீட்டுக்குத்தான் வந்தது. அதன் ஆறு இலக்க எண்ணைக் கட்டடமே தன்னுடையதாக எடுத்துக்கொண்டது. கல்யாணப் பத்திரிகையிலும் லெட்டர்ஹெட்டிலும் அந்த எண் இருக்கும், பக்கத்தில் 'பி.பி.' என்று போட்டிருக்கும். பக்கத்து வீட்டு போன் என்பதற்கு அன்றைய கௌரவமான பெயர் அது. மணி அடித்தால் இளைஞரான மாமா மாடிப்படியில் நின்று, "மூணாம் மாடி! தஞ்சாவூர்லேர்ந்து டிரங்க் கால்!" என்று கத்துவார். பிரசவம், மரணம், வேலை உத்தரவு, எல்லாச் செய்தியும் அவர் குரலில்தான் மாடியேறின.

பிறகு வீட்டுக்கு வீடு போன் வந்தது. மாமாவின் வாசலில் செருப்புகள் குறைந்தன. 1995 ஆகஸ்ட் 15-இல் விதேஷ் சஞ்சார் நிகம் இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்த பிறகு அவரும் ஒரு மோடம் வாங்கினார். அது கீச்சிட்டு இணையும்போதெல்லாம் போன் என்கேஜ்டு. கூப்பிட ஆள் இல்லாததால் ஒருவரும் குறை சொல்லவில்லை.

அவரை மீட்டுக் கொடுத்தது ஒரு கெட்ட காலம். 2008-இல் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் பூட்டாத வைஃபை வழியே போயிருந்தது. அடுத்த மாதம் இன்னொன்று. அது மாட்டுங்காவிலேயே ஒரு கல்லூரியின் வைஃபை. செப்டம்பரில் தில்லி குண்டுவெடிப்பின்போது வந்தது செம்பூரில் ஓர் அலுவலகத்திலிருந்து. யாரோ தெருவில் நின்று, யார் வீட்டு அலையிலோ ஏறிக்கொண்டிருந்தார்கள். 2009 தொடக்கத்தில் மும்பை போலீஸே கையில் கருவியோடு திறந்த வைஃபைகளைத் தேடித் தெருவில் இறங்கியது. அதுவரை வாசற்கதவுக்கு மூன்று பூட்டுப் போட்டு வைஃபையைத் திறந்து வைத்திருந்த மாட்டுங்கா, நடுங்கிப்போய் மாமாவைக் கூப்பிட்டது. ஒரே மாதத்தில் கட்டடம் முழுக்கப் பாஸ்வேர்ட் வந்தது. அடுத்த மாதமே கட்டடம் முழுக்க அதை மறந்தது.

இதை மாமா எதிர்பார்த்திருந்தார். அவரிடம் பழைய டிரங்க் கால் குறிப்பு நோட்டு ஒன்று இருக்கிறது. யாருக்கு எங்கிருந்து எத்தனை மணிக்குப் போன் என்று முன்பக்கத்திலிருந்து எழுதியது. அதையே தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து வீட்டுவாரியாகப் பாஸ்வேர்ட் எழுதி வைத்திருக்கிறார். இதைவிட ஆபத்தான ஏற்பாடு கிடையாது என்று படித்தவர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டுத் தங்கள் பாஸ்வேர்டை அவரிடமே வந்து கேட்பார்கள். எந்த வீட்டில் முருகன், எந்த வீட்டில் குருவாயூரப்பன், யார் இறந்த கணவரின் பெயரை மாற்றாமல் வைத்திருக்கிறார், எல்லாம் அவருக்குத் தெரியும். முதல் மாடிப் பையனின் பாஸ்வேர்ட் ஒரு பெண்ணின் பெயர். மாமா மூச்சுவிடவில்லை. இரண்டு வருஷம் கழித்து அந்த வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை வாங்கிப் பார்த்து, "தெரிஞ்ச பேர்தான்" என்றார்.

போன ஜூலையில் ஒருநாள் ராத்திரி பதினொரு மணி. கொட்டுகிற மழை. என் பெண்ணின் கல்லூரி விண்ணப்பத்துக்குப் பன்னிரண்டு மணியோடு கெடு. நெட் போய்விட்டது. கேபிள் தம்பியைக் கூப்பிட்டேன். கீழ்த்தளத்தில் எலி ஃபைபரைக் கடித்திருக்கிறது, விடிந்ததும் ஏணியோடு வருகிறேன் என்றான். மழை நாளில் எங்கள் வீட்டுக்குள் மொபைல் டேட்டா வருவதும் போவதும் தெரியாது. மாமாவோ செம்பூரில் மகள் வீட்டில். ஜன்னல் கம்பியோடு ஒட்டிக்கொண்டு அழைத்தேன்.

"யாரு, எதைத் தொட்டேள்?"

"எலி, மாமா."

ஒரு கணம் சத்தமில்லை. இப்படி நேர்மையான வாக்குமூலம் அவருக்கு இதுவரை கிடைத்ததில்லை.

"சரி, லிஸ்டைத் திற. பி.பி.ன்னு ஒண்ணு வரதா?"

வந்தது. வருஷக்கணக்காக அந்தப் பெயரைப் பட்டியலில் பார்த்திருக்கிறேன். ஏதோ பிரிண்டர் என்று நினைத்திருந்தேன்.

"அது நம்மாத்துது. ஊருக்குப் போனாலும் அணைக்க மாட்டேன். ஃபைபர் இல்லை, அந்தக் காலத்து டெலிபோன் கம்பிலேயே வரது. மெதுவாத்தான் போகும், ஆனா அந்தச் செம்புக் கம்பியை எலி இன்னும் தொடலை."

"பாஸ்வேர்ட், மாமா?"

"குறைஞ்சது எட்டு எழுத்து வேணும்னு அது அடம் பிடிச்சுது. நம்ம நம்பர்ல ஆறுதானே? முன்னாடி பி.பி. சேர்த்துட்டேன். சரியா எட்டு."

"எந்த நம்பர், மாமா?"

"உங்க அம்மாவைக் கேளு" என்றார். மழை லைனைத் தின்றுவிட்டது.

அம்மாவுக்கு எண்பத்தாறு. காலையில் மாத்திரை போட்டுக்கொண்டாளா என்று மத்தியானத்துக்குள் நாலு முறை கேட்பாள். கட்டிலருகே குனிந்து, மாமா வீட்டுப் பழைய போன் நம்பர் நினைவிருக்கிறதா என்றேன். கண்ணைத் திறக்காமலே ஆறு எண்ணையும் சொன்னாள், இரண்டிரண்டாக, தந்தி வாசகம்போல. என் பெண் ஓடிப்போய் லாப்டாப்பில் தட்டினாள். வளைகோடுகள் ஒவ்வொன்றாக எழும்பி நின்றன.

அதற்குள் அம்மா எழுந்து உட்கார்ந்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, காலால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"யாருக்குடா போன்?"